செலவு ஒரு வீடு, தீர்மானம் இன்னொரு வீடா?

“நாங்க எதுவும் கேட்கலை. உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க.” பெண் பார்த்துப் பிடித்துப்போன வீடுகளில், பேச்சு முடிந்து எழுந்திருக்கும் நேரத்தில் பெரும்பாலும் இந்த வார்த்தை வந்துவிடுகிறது. கேட்கப் பெருந்தன்மையாகத்தான் இருக்கிறது. பெண்ணைப் பெற்றவரும் கைகூப்பி வழியனுப்புகிறார். அன்று இரவு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் வருவதில்லை. இத்தனை சவரன் என்று கேட்டிருந்தால் முடியும், முடியாது என்று பேசியிருக்கலாம். கேட்காமல் போனதால், மூத்த மருமகளுக்கு அவள் பிறந்த வீட்டில் என்ன போட்டார்கள், மாப்பிள்ளையின் சித்தப்பா வீட்டுக் கல்யாணம் எந்த மண்டபத்தில் நடந்தது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து, அதற்கு ஒரு படியும் குறையாமல் தாங்களே ஓர் எண்ணை வைத்துக்கொள்கிறார்கள். கேட்காத வீட்டுக்குச் செய்வதற்கு உச்சவரம்பு கிடையாது.

நிச்சயதார்த்தம் தொடங்கி முகூர்த்தம் வரையிலான நான்கைந்து மாதங்களும் இந்தக் கணக்கிலேயே நகர்கின்றன. பணம் ஒரு வீட்டினுடையது. அது எவ்வளவு என்று முடிவாவது இன்னொரு வீட்டில். கல்யாணச் செலவு ஆண்டுக்காண்டு ஏறுவதற்கு விலைவாசி, ஆடம்பரம், ஊர் வாய் என்று பல காரணங்களைச் சொல்கிறோம். எல்லாமே உண்மைதான். அவற்றுக்கெல்லாம் அடியில், தீர்மானிப்பவர் கையில் பில் வருவதில்லை என்ற காரணம் இருக்கிறது. அதைத் தொடாமல் எளிய திருமணம் பற்றி எத்தனை கருத்தரங்கு நடத்தினாலும் பயனில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

எல்லாச் சமூகங்களிலும் ஒரே வழக்கம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தென்மாவட்டங்களில் பல சமூகங்களில் கல்யாணம் மாப்பிள்ளை ஊரில், மாப்பிள்ளை வீட்டுச் செலவில் நடக்கிறது. அங்கே மண்டபமும் சாப்பாடும் கைமாறுகின்றனவே தவிர நகையும் சீரும் பெண் வீட்டின் தலையில்தான். இரண்டு வீடும் சரிபாதி போட்டுச் செய்கிற குடும்பங்களும் இருக்கின்றன. நகரங்களில், இரண்டு பேரும் சம்பாதிக்கிற இடங்களில் அவை பெருகியும் வருகின்றன. அவர்களைத்தான் மற்றவர்கள் பார்க்க வேண்டும்.

முதலில் தேதி. ஆடியில் இல்லை, மார்கழியில் இல்லை, புரட்டாசியில் பெரும்பாலோர் வைப்பதில்லை. மிச்சமிருக்கும் மாதங்களில் வளர்பிறை முகூர்த்தம் வேண்டும், ராசி ஒத்துவர வேண்டும், ஞாயிற்றுக்கிழமையாகவும் இருந்தால் நல்லது. இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் ஆண்டுக்குக் கைவிரல்களில் அடங்குகிற நாட்கள்தான் மிஞ்சுகின்றன. வைகாசியில் அப்படி ஒரு முகூர்த்தத்தன்று மதுரை மாட்டுத்தாவணியிலும் குமரி மாவட்டம் தோவாளையிலும் மல்லிகை விலை என்ன ஆகிறது என்பது பூக்காரர்களுக்குத் தெரியும். பத்திரப்பதிவு அலுவலகங்களில் கூடுதல் டோக்கன் கொடுக்கிறார்கள், அரசு சிறப்புப் பேருந்து விடுகிறது. மண்டபக்காரர் அன்றைக்கு வாடகையைக் குறைப்பார் என்று எதிர்பார்க்க முடியுமா? புதன்கிழமை முகூர்த்தம் ஒன்றை இரு வீட்டாரும் சேர்ந்து தேர்ந்தெடுத்தால் மண்டபம், சமையல், புகைப்படம் எல்லாவற்றிலும் பேரம் பேச இடமிருக்கும். “எங்க பக்கத்து ஆளுங்களுக்கு லீவு கிடைக்காது” என்று சம்பந்தி வீட்டிலிருந்து ஒரு போன் வருகிறது, ஞாயிற்றுக்கிழமை உறுதியாகிவிடுகிறது. அந்த போனுக்குச் செலவு எவ்வளவு என்று யாரும் கணக்குப் போடுவதில்லை.

மண்டபம் பார்க்கப் போகிறவர்கள் ஏசி இருக்கிறதா, மேடை எத்தனை அடி, கார் எத்தனை நிற்கும் என்று கேட்கிறார்கள். வாடகைக்கு மேல் மின்சாரம், ஜெனரேட்டர் டீசல், துப்புரவு, பாத்திரம் தனியா, அலங்காரத்துக்கு மண்டபத்தின் ஆளையே வைக்க வேண்டுமா என்ற கேள்விகள் அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் நினைவுக்கு வருகின்றன. தேதி மாறினால் அட்வான்ஸ் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குகிறவர்கள் மிகச் சிலர். இரண்டு வீடுமே கேட்க மறக்கிற கேள்வி ஒன்று உண்டு. தீப்பிடித்தால் மக்கள் வெளியேற எத்தனை வழி இருக்கிறது? 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் முகூர்த்த நேரத்தில் பற்றிக்கொண்டது. மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். நெரிசலில் படியிறங்க முடியாமல் சிக்கியவர்கள் பலர். இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்றும் துணி அலங்காரம், தெர்மாகோல் வளைவு, மேடையைச் சுற்றி ஒயர்களோடு விளக்குகள் என்று வைத்துக்கொண்டு, பின்வாசலில் நாற்காலிகளை அடுக்கிவைக்கும் மண்டபங்கள் இருக்கின்றன. மேடை அலங்காரத்தின் விலையைப் பேசும்போதே, பின்கதவைத் திறந்து காட்டச் சொல்வது இரு வீட்டாரின் கடமை.

சாப்பாட்டுக்கு வருவோம். நம் ஊரில் வரவேற்பு பெரும்பாலும் முதல் நாள் மாலையே முடிந்துவிடுகிறது. அதனால் பெரிய பந்தி இரவில். மறுநாள் காலை டிபனுக்கும் முகூர்த்தச் சாப்பாட்டுக்கும் நெருங்கிய சொந்தங்கள்தான் அதிகம் இருப்பார்கள். அனுபவமுள்ள சமையல்காரர் இதை முன்கூட்டியே சொல்வார். இலைக்கணக்கில் காசு வாங்கும் கான்ட்ராக்டராக இருந்தால், குறைந்தபட்சம் இத்தனை இலை என்று முதலிலேயே உறுதி கேட்பார். அந்த எண்ணைச் சொல்ல வேண்டியவர் பெண்ணின் அப்பா. அவர் தன் பக்கத்து ஆட்களை விரல்விட்டு எண்ணிவிடுவார். மாப்பிள்ளை வீட்டில் கேட்டால், “எங்க பக்கம் ஒரு ஐந்நூறு பேர் வருவாங்க, குறையில்லாமப் பார்த்துக்குங்க” என்பதோடு முடிந்தது. வந்தவர் முந்நூறாக இருந்தாலும் ஐந்நூறு இலைக்குப் பணம் போகிறது. எழுநூறாகிவிட்டாலோ, கடைசிப் பந்தியில் பாயசம் இல்லை என்ற பேச்சு பெண்ணின் காலம் முழுக்க அவள் காதில் விழுகிறது. இரண்டில் எது பெரிய தண்டனை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கோவையில் 2014இல் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ என்ற அமைப்பு, விசேஷங்களில் மிஞ்சும் உணவை எடுத்துக்கொண்டுபோய்ப் பசித்தவர்களுக்குக் கொடுக்கிறது. அருமையான பணி. அந்த உணவு ஏன் அவ்வளவு மிஞ்சுகிறது என்று கேட்டால், இலை எண்ணிக்கையைச் சொல்பவரும் இலைக்குப் பணம் கொடுப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருப்பதில் போய் முடியும்.

மண்டப வாசலைக் கவனித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். மொய் எழுத இரண்டு மேசை. பெண் வீட்டு மொய் ஒரு நோட்டில், மாப்பிள்ளை வீட்டு மொய் இன்னொரு நோட்டில். மாப்பிள்ளை பக்கம் வந்தவர் சாப்பிட்டது பெண்ணின் அப்பா போட்ட இலையில். எழுதிய மொய் மாப்பிள்ளையின் அப்பா பைக்குள் போகிறது. மொய் இனாம் இல்லை, திருப்பிச் செய்ய வேண்டிய கடன்தான். எந்தப் பக்கத்துக் கடனோ அந்தப் பக்கத்து நோட்டில் ஏறுவதில் நியாயம் இருக்கிறது. அதே நியாயத்தை ஏன் இலைக்கும் பொருத்தக்கூடாது? விருந்தாளி யாருடையவரோ, இலைச் செலவும் அவருடையது. இந்த ஒரு விதி வந்தாலே அழைப்பிதழ்ப் பட்டியல் பாதியாகச் சுருங்கிவிடும் என்று நம்புகிறேன்.

நகையில்தான் இந்தக் கணக்கின் கொடுமை முழுதாகத் தெரிகிறது. 2025 தொடங்கியபோது சென்னையில் ஆபரணத் தங்கம் சவரன் 60,000 ரூபாய்க்குக் கீழே இருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஒரு லட்சத்தைத் தொட்டது. ஆனால், 30 சவரன் என்று ஊர் வைத்திருக்கும் எண் மாறவில்லை. 18 லட்சத்துக்குள் இருந்தது 30 லட்சமாகிவிட்டது. செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி அதற்கு மேலே. வேறு எந்தப் பொருளாக இருந்தாலும் விலை இப்படி ஏறினால் வாங்கும் அளவைக் குறைத்துக்கொள்வோம். இங்கே வாங்குபவருக்கு அந்த உரிமை இல்லை. நகைச் சீட்டு, வைப்பு நிதி முன்பணம், நிலத்தை அடகுவைத்த பணம், அதுவும் போதாவிட்டால் வட்டிக்கு என்று திரட்டுகிறார்கள். கல்யாணமான இரண்டே ஆண்டுகளில் அந்த நகைகளில் பாதி, மாப்பிள்ளையின் தொழிலுக்காகவோ வீட்டு முன்பணத்துக்காகவோ அடகுக் கடைக்குப் போய்விடுவதையும் நாம் பார்க்காமல் இல்லை.

பெண்ணுக்குப் போட்ட நகை பெண்ணுக்கே சொந்தம் என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2023 ஏப்ரல் முதல் விற்கப்படும் ஹால்மார்க் நகை ஒவ்வொன்றிலும் ஆறு இலக்க அடையாளக் குறி இருக்க வேண்டும். பில்லையும் அந்தக் குறிகளையும் ஒரு தாளில் எழுதிப் பெண்ணின் கையில் கொடுங்கள். நகையோடு கொடுக்க வேண்டிய பொருள் அது.

ஏழை வீடுகளில் இதே சவரன் கணக்கு ஒரு பெண்ணின் இளமையையே எடுத்துக்கொண்டது. கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் பதினெட்டு வயதுகூட நிரம்பாத பிள்ளைகளும் சேர்க்கப்பட்டார்கள். ஆலை விடுதியிலேயே தங்கி மூன்று ஆண்டு வேலை செய்தால், முடிவில் கல்யாணத்துக்கென்று ஒரு தொகை கிடைக்கும் என்று வாக்குறுதி. நீண்ட வேலை நேரம், பூட்டிய கதவுகள், பாதியில் உடம்புக்கு முடியாமல் வெளியேறியவர்களுக்குக் கிடைக்காமல் போன தொகை என்று அதன் கதைகள் நீதிமன்றம்வரை போயின. தன் கல்யாணத்துக்குத் தானே பஞ்சுத் தூசியில் நின்று சம்பாதித்த பெண்களைப் பெற்ற மாநிலம் இது. அந்தப் பணத்தில் வாங்கிய நகையைப் பார்த்து “என்ன போட்டாங்க?” என்று கேட்ட வாய்களும் இங்கேதான் இருக்கின்றன.

சட்டம் இல்லாமல் இல்லை. 1961ஆம் ஆண்டு வரதட்சிணைத் தடைச் சட்டப்படி, கொடுத்தாலும் வாங்கினாலும் குறைந்தது ஐந்து ஆண்டு சிறை. ஆனால் அதே சட்டம், கேட்காமல், வழக்கப்படி, வசதிக்கு மீறாமல் தரும் அன்பளிப்புக்கு விலக்கு அளிக்கிறது. அந்த அன்பளிப்புகளைப் பட்டியலிட்டு மணமக்கள் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று 1985ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அந்தப் பட்டியலை எழுதிய வீட்டை நான் பார்த்ததில்லை. “நாங்க எதுவும் கேட்கலை” என்ற சொல் சட்டத்தின் இந்த விலக்குக்குள் எவ்வளவு வசதியாக உட்கார்ந்துகொள்கிறது என்று பாருங்கள். மண்டபச் செலவும் சாப்பாட்டுச் செலவும் எந்தப் பட்டியலிலும் ஏறுவதே இல்லை. ஐந்து லட்சத்துக்கு மேல் கல்யாணத்துக்குச் செலவிடுவோர் அதில் 10 சதவீதத்தை ஏழைப் பெண்களின் திருமணத்துக்குத் தர வேண்டும் என்று மக்களவையில் ரஞ்ஜீத் ரஞ்சன் கொண்டுவந்த தனிநபர் மசோதாவும் சட்டமாகவில்லை. ஆகியிருந்தாலும் அந்த 10 சதவீதத்தையும் பெண் வீடுதான் கட்டியிருக்கும்.

சுயமரியாதைத் திருமணங்களை 1967இல் அண்ணா ஆட்சி சட்டமாக்கியது. உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும். அதன் வழியில் புரோகிதரை விலக்கிய குடும்பங்கள் பலவும் செலவுக் கணக்கை மட்டும் பழையபடியே வைத்துக்கொண்டன என்பது வருத்தத்துக்குரியது. அரசாங்கமோ தன் பங்குக்கு நல்ல முடிவொன்றை எடுத்திருக்கிறது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் தொடங்கிய திருமண உதவித் திட்டம், பின்னாட்களில் பணத்தோடு தாலிக்குத் தங்கமும் கொடுத்தது. 2022 செப்டம்பரில் அது ‘புதுமைப் பெண்’ திட்டமாகி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாயாக மாறியது. கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தைப் படிப்புக்குத் திருப்பியதைக் குறை சொன்னவர்கள் உண்டு. நான் அதை முழுமனதாக வரவேற்கிறேன்.

இந்தச் சுமை தொன்றுதொட்டு வந்தது என்றும் சிலர் சொல்கிறார்கள். இல்லை. பரிசம் போடுவது என்றால் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குக் கொடுப்பது. தமிழ்நாட்டின் பெரும்பாலான உழைக்கும் சமூகங்களில் அதுதான் வழக்கமாக இருந்தது. படிப்பும் மாதச் சம்பள வேலையும் ஆண்களுக்கு முதலில் வாய்த்ததும், பணம் போகும் திசை தலைகீழானது. சமூகவியல் அறிஞர் எம்.என்.சீனிவாஸ் 1980களிலேயே இதை எழுதியிருக்கிறார். இன்று பெண்களும் படிக்கிறார்கள், சம்பாதிக்கிறார்கள். திசையை மாற்றிய காரணம் போய்விட்டது. திசை மட்டும் அப்படியே இருக்கிறது.

எனவே என் யோசனை. நிச்சயதார்த்தத்தன்று லக்னப் பத்திரிகை வாசித்துத் தாம்பூலம் மாற்றுகிறோம். அதற்கு முன்பாகவே, இரு வீட்டுப் பெற்றோரும் மணமக்களும் ஒரு மேசையில் உட்கார்ந்து ஒரு செலவுத் தாள் எழுத வேண்டும். மொத்தச் செலவு இவ்வளவு, அதற்கு மேல் இல்லை. ஆளுக்குப் பாதி. உங்கள் பக்கம் இத்தனை இலை, எங்கள் பக்கம் இத்தனை. கூட்டினால் கூட்டியவர் கட்ட வேண்டும். நகை எவ்வளவு என்பதைப் பெண்ணே சொல்லட்டும், வேண்டாம் என்றும் சொல்லட்டும். கடன் வாங்கிச் செய்ய மாட்டோம் என்று இரு வீடும் சொல்லட்டும். அடியில் ஆறு பேரும் கையெழுத்து.

சுபகாரியத்தில் காசுபேச்சா என்று முகம் சுளிப்பவர்கள் நம் வழக்கங்களையே கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். செட்டிநாட்டு நகரத்தார் திருமண உடன்பாட்டை எழுத்தில் வைக்கிறார்கள். இஸ்லாமியத் திருமணத்தில் மாப்பிள்ளை தர வேண்டிய மஹர் எவ்வளவு என்பது சபையறியச் சொல்லப்பட்டு ஜமாத் பதிவேட்டில் ஏறுகிறது. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி மாத மொய் விருந்துகளில் பல லட்சங்கள் ஒரு நோட்டின் பலத்தில் கைமாறுகின்றன. உறவையும் பணத்தையும் ஒரே தாளில் எழுதத் தெரிந்தவர்கள்தான் நாம். பெண் வீட்டுச் செலவை மட்டும் எழுத மறுப்பதற்குக் காரணம் கூச்சம் என்று நான் நம்பவில்லை.

“என் பொண்ணுக்கு நான் ஆசையா செய்யறேன், இதுல என்ன தப்பு?” என்று கேட்கும் தகப்பன்மாரின் பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. மகள் பேரில் ஒரு வைப்புத்தொகை, ஒரு துண்டு நிலம் என்று அந்த ஆசையைச் செய்யுங்கள். ஊரார் கண்ணில் படாத இடத்தில் செய்யுங்கள். கல்யாணத்தை நம்பிப் பிழைக்கிறவர்கள் என்ன ஆவார்கள் என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. குறைப்பதிலும் ஒரு வரிசை வேண்டும். இப்போது முதலில் குறைபடுவது நாகஸ்வரமும் தவிலும்தான். செண்டை மேளத்துக்கும் டிஜேவுக்கும் ட்ரோன் கேமராவுக்கும் ஒதுக்கிய பிறகு மிஞ்சியதைத்தான் அவர்களுக்குக் கொடுக்கிறோம். என்னைக் கேட்டால், மேடைப் பூ வளைவை நீக்கிவிட்டு நல்ல நாகஸ்வரக் கோஷ்டிக்குக் கேட்ட தொகையைக் கொடுப்பேன்.

இந்தச் செலவுத் தாளில் இன்னொரு லாபமும் இருக்கிறது. அதை எழுத உட்கார்ந்தால் மணமக்கள் பணத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். யாருக்கு எவ்வளவு கடன் இருக்கிறது, கல்யாணத்துக்குப் பின் எந்த ஊரில் இருப்பது, அவளுடைய பெற்றோருக்கு அவள் மாதாமாதம் பணம் அனுப்பலாமா, வேலையை விடச் சொல்வார்களா என்ற பேச்சுகள் தானாக வரும். கத்தோலிக்கத் திருச்சபையில் திருமணத்துக்கு முன் மணமக்கள் தயாரிப்பு வகுப்புக்குப் போக வேண்டும். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி எதுவும் இல்லை. ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம்; ரத்தப் பரிசோதனை கேட்டால் கோபம் வருகிறது. சொந்தத்தில் திருமணம் அதிகம் நடக்கும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. தலசீமியா போன்ற பரம்பரை ரத்த நோய்களுக்கு ஒரு பரிசோதனை அவசியம். திருமணப் பதிவுக்கு யார் அலைவது என்பதையும் அதே தாளில் எழுதிவிடலாம். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிந்தாக வேண்டும்.

பெண் வீட்டார் இந்தத் தாளை நீட்ட முடியாது. நீட்டினால் ‘கணக்குப் பார்க்கிற குடும்பம்’ என்ற பெயரோடு சம்பந்தம் முறிந்துபோகும் என்று அவர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. எனவே இதைத் தொடங்க வேண்டியவர்கள் மகனைப் பெற்றவர்கள். அவர்களுக்கு முன்னால், மாப்பிள்ளை. அப்பா, அம்மா பேசிக்கொள்வார்கள் என்று ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் இளைஞர் அந்த மௌனத்தால் மாமனாரின் கடனுக்குப் பொறுப்பாளி ஆகிறார். வருகிற தை முகூர்த்தங்களுக்கு மண்டபம் பேசிக்கொண்டிருக்கும் மாப்பிள்ளைகளே, இந்த வாரமே பெண் வீட்டுக்குப் போங்கள். பாதிச் செலவு எங்களுடையது என்று சொல்லுங்கள். சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.